குதிரைக்குத் தீவனத் தொட்டி: நண்பனுக்கு ஒரு கடிதம்

சென்னை
ஐப்பசி மாதம்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். உனக்குப் பேத்தி பிறந்த செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. செங்கல்பட்டுப் பக்கம் நீ வாங்கிய நிலத்தில், கிண்டியில் ஓடி ஓய்ந்த இரண்டு பந்தயக் குதிரைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறாய் என்று படித்ததும், அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாடுகளுக்குப் புல் போடுவதற்கென்று பட்டறையில் செய்து வைத்திருக்கும் வட்டக் கம்பிக் கூண்டு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து வாங்காதே. குதிரை அஞ்சி ஓடியே உயிர் பிழைத்து வந்த பிராணி. கால் சிக்கியது என்று உணர்ந்த கணமே தன் 450 கிலோ எடையையும் போட்டு இழுக்கும். கம்பி வளையாவிட்டால் எலும்புதான் முறியும். மேலே வளையம் ஓடும் கூண்டாக இருந்தால் இன்னும் மோசம். உள்ளே தலையை விட்டுத் தின்றுகொண்டிருக்கும் குதிரை ஏதோ சத்தத்துக்கு மிரண்டு தலையை நிமிர்த்தினால், பிடரியில் இரும்பு இடிக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முட்டுக்காட்டில் லாயம் போட்ட புதிதில், புல் வீணாகிறதே என்று காசிமேட்டிலிருந்து பழைய மீன்வலை வாங்கி, பை போலத் தைத்து, புல்லை அடைத்துத் தூணில் கட்டினேன். மாலையில் நிறைந்திருந்தபோது நெஞ்சு உயரத்தில் நின்ற வலை, புல் தீரத்தீரத் தொய்ந்து முழங்காலுக்கு இறங்கிவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. விடியற்காலை நாலரை மணிக்குப் போய்ப் பார்த்தால், எங்கள் சாம்பல் நிறப் பெண்குதிரை முன்னங்காலைத் தூக்கியபடி உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. லாடத்தின் பின்முனைக்கும் குளம்புக்கும் நடுவில் வலையின் ஒரு கண்ணி நுழைந்து இறுகியிருந்தது; மெல்லிய நைலான் நூல் குளம்புக்கு மேலே தோலை அறுத்துச் சதை தெரிந்தது. கருக்கரிவாளால் அறுத்து விடுவித்தேன். குதிரைக்கு இரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் வரும் என்பதால், மருத்துவர் முதலில் அதற்கான ஊசியைத்தான் போட்டார். அந்த இடத்தில் இன்றைக்கும் வெள்ளை முடிதான் முளைக்கிறது.

அதிலிருந்து எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் குளம்பு எங்கே போகும் என்றுதான் தேடுகிறது. வளர்ந்த குதிரையின் குளம்பு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அகலம். கம்பி இடைவெளி 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே போன கால் தடையில்லாமல் வெளியே வரும் அளவுக்குத் தாராளமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் பொறி. லாடம் அடித்த குதிரைக்கு வலை கட்டவே கட்டாதே. லாடம் இல்லாததற்குக் கட்டினாலும், வலை காலியான பிறகு அதன் அடி எங்கே தொங்குகிறது என்று பார்த்து, அதற்கேற்ப உயர்த்தி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடு.

உயர்த்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தலைக்கு மேலே புல் இருந்தால் தூசியெல்லாம் கண்ணிலும் மூக்கிலும் விழும். தலையைத் தாழ்த்தித் தின்னும்போதுதான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் தானாக வழிந்து வெளியேறும். அதனால் தரையில் கொட்டிவிடலாமே என்பாய். உன் செம்மண்ணில் அது ஓரளவு சரிப்படலாம். எங்கள் கடற்கரை மணலில் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படிந்து வயிற்றுவலி வந்துவிடுகிறது. சாணியை ஒரு கைப்பிடி எடுத்து வாளித் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பார். மணல் தின்றிருந்தால் பெரும்பாலும் அடியில் தங்கும். நான் மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது கிணற்று உறைதான். மூன்றடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள சிமெண்ட் உறையைத் தரையில் வைத்து, கூரிய விளிம்பைச் சாந்து பூசி மழுக்கிவிட்டு, உள்ளே கனத்த ரப்பர் விரிப்புப் போட்டேன். கால் உள்ளே போனாலும் சிக்க ஒரு சந்தில்லை. குதிரை காலை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தின்னும். மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் ஓட்டை விட்டு, மேலே தகரக் கூரையும் போட்டிருக்கிறேன். இந்த வடகிழக்குப் பருவமழையில் நனைந்த புல் ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணப் புல் மாட்டைவிடக் குதிரையைச் சீக்கிரம் கெடுக்கும். ஆகவே மிச்சத்தைத் தினமும் காலையில் அள்ளி எறிந்துவிடுகிறேன்.

லாரி டயரை வெட்டி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. பூச்சிமருந்து வந்த பிளாஸ்டிக் பீப்பாயையும் தொடாதே.

இரண்டு குதிரைக்கு மூன்று தொட்டி வை. ஒன்று மற்றதை விரட்டும்; விரட்டப்பட்டது போய்த் தின்ன ஓர் இடம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாக இடைவெளி விடு. புல்கட்டைச் சுற்றிய நைலான் கயிற்றை அவிழ்த்து எண்ணி எடுத்த பிறகே புல்லைக் கொட்டச் சொல். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். தலைக்கயிற்றோடு மேயவிடாதே, எந்த முனையிலும் மாட்டிக்கொள்ளும். இரவில் தொட்டி வெறுமையாகக் கிடக்கவும் விடாதே. குதிரையின் இரைப்பையில் அமிலம் தின்னாத வேளையிலும் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் நெடுநேரம் நின்றால் புண் வரும். பந்தயத்தில் ஓடிய குதிரைகளில் பலவற்றுக்கு அந்தப் புண் ஏற்கெனவே இருக்கும். உன் குதிரை ஒன்றுக்கு நாளைக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல் தேவைப்படும். அதில் பெரும்பங்கை இரவுக்கு வை.

பட்டறைக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால், அந்தப் பணத்துக்குக் கூரைச் சட்டம் செய்து தரச் சொல். உறை இறக்கும் நாளைச் சொல்லி எழுது. கொல்லுறும் சாந்துச் சட்டியும் எடுத்துக்கொண்டு நானே வந்து விளிம்பைப் பூசித் தருகிறேன்.

அன்புடன்,
உன் இராமநாதன்