அறுபத்தேழாவது கட்டம்

மயிலாடுதுறை,
ஞாயிறு மாலை

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. எனக்கு முழங்கால்தான் தொல்லை. மாடிப்பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

பேத்தி ஒன்பதாவது போய்விட்டாள். சதுரங்கப் பலகைக்கு நெல் கேட்ட கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு. "இன்னும் மூணு கட்டம் இருந்திருந்தா தாத்தா?" என்றாள். 67 கட்டம் என்றால் 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. எழுதிப் பார்த்தேன்: 147573952589676412927. அட, இது நமக்குத் தெரிந்த ஆளாயிற்றே!

1644-இல் மெர்சென் பாதிரியார் பிரான்சில் ஒரு பட்டியல் போட்டாரே, ஒன்று கழித்தால் பகா எண் தரும் 2-இன் அடுக்குகள் என்று? அதில் 67 உண்டு. 61-ஐத்தான் தவறிப்போய் 67 என்று போட்டுவிட்டார் என்றும் சிலர் சொல்வார்கள். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ் நம்முடைய அந்த நீள எண் பகா எண்ணே இல்லை என்று காட்டினார். ஆனால் ஒரு காரணியைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

பேத்திக்கு இங்கேதான் இடித்தது. எதால் வகுபடும் என்று தெரியாமல், வகுபடும் என்று எப்படிச் சொல்வது? லூகாஸின் வழியை 1930-இல் அமெரிக்கக் கணிதர் லெமர் எளிமையாக்கியதைக் காட்டினேன். 4-இல் தொடங்கு. வர்க்கம் எடுத்து 2 கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். அடுக்கைவிட இரண்டு குறைவான சுற்று. 31 என்பது 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, ஆகவே மூன்று சுற்று: 14, பிறகு 194, மீதி 8, பிறகு 62, மீதி பூஜ்யம். பூஜ்யம் வந்தால் பகா எண். 67-க்கு 65 சுற்று போனாலும் பூஜ்யம் வராது. திருடன் உள்ளே இருக்கிறான் என்று நாய் குரைக்கிறது. எந்த அறையில் என்று அது சொல்லாது.

அறையைக் காட்டியவர் அமெரிக்கர் கோல், 1903 அக்டோபரில், கணிதச் சங்கக் கூட்டத்தில். ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் அடுக்கைக் கணக்கிட்டு, மறுபக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கிக் காட்டி, போய் உட்கார்ந்துவிட்டாராம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று சொன்னாராம். இதை எழுதிவைத்த பெல், கணிதர்களின் கதைகளை எழுதியவர், கொஞ்சம் மசாலா சேர்ப்பவர். ஆனாலும் எனக்குப் பிடித்த கதை.

இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். முதல் காரணியை வகுத்துப் பார், ஈவு 14,45,580, மீதி 1. இந்த ஒரு சல்லடை மட்டும் போதாது, தெரிகிறதா? இதற்கு மேலும் பலவற்றைப் போட்டுத்தான் மனிதர் சலித்திருக்கிறார்.

மத்தியானம் கரண்ட் போனதும் அந்தப் பெருக்கலைக் கையாலேயே போட்டேன். இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் இரண்டு காரணிக்கும் 1 வரும், விடைக்கும் 1 வர வேண்டும். எனக்கு 7 வந்தது. ஓர் இடத்தில் கையில் வைத்த 3-ஐக் கூட்ட மறந்திருக்கிறேன். கண்டுபிடிக்க இன்னும் முக்கால் மணி நேரம்.

கரண்ட் வந்ததும் பேத்தி போனில் போட்டாள். காரணிகள் கண்ணிமைப்பதற்குள் வந்தன. "இதுக்கா மூணு வருஷம்?" என்று சிரித்தாள். சரி, 67 இருந்த இடத்தில் 1277 போட்டுப் பார் என்றேன். 385 இலக்கம். பகா எண் இல்லை என்று தெரியும். காரணி ஒன்றுகூட இன்றுவரை யார் கையிலும் சிக்கவில்லை. போனை இன்னும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்தியதும் அந்தப் பெருக்கலை நீயும் ஒரு தரம் போடு. எனக்கு ஐந்து தாள் ஆயிற்று. உனக்கு எத்தனை என்று எழுது.

உன்,
சுந்தரம்