லேசர் இடுக்கி: காசை லென்ஸில் போடுங்கள்

ஆசிரியருக்கு,

பாக்டீரியாவையும் ரத்த அணுக்களையும் தொடாமலே பிடித்து நகர்த்தும் லேசர் இடுக்கி பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை நன்று. ஆனால் அதில் திரும்பத் திரும்ப வரும் 'சக்திவாய்ந்த லேசர்' என்ற பேச்சு, மண்டபம், தொண்டிப் பக்கம் இக்கருவியை அமைக்க நினைக்கும் கல்லூரிகளை வீண் செலவில் இறக்கிவிடும்.

பிடிமானம் வருவது ஒளி குவியும் கூர்மையால். நியூமரிக்கல் அபெர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைக் குவிக்கும் என்பதன் அளவு) 1.2-க்குக் குறையாத ஆப்ஜெக்டிவ், அதாவது மாதிரியை ஒட்டி நிற்கும் நுண்ணோக்கி லென்ஸ் வேண்டும். லேசர் கற்றை அந்த லென்ஸில் நுழையும் பின்வாயை நிறைத்துச் சற்று வழியவும் வேண்டும். ஒடுக்கமாகப் போனால் துகள் சிக்காது, ஒளியோடு முன்னே தள்ளப்பட்டுவிடும். மாதிரியில் விழும் ஒளி சில பத்து மில்லிவாட் போதும். இக்கருவியை உருவாக்கிய ஆர்தர் ஆஷ்கினே பச்சை லேசரில் பாக்டீரியாக்கள் செத்துப்போவதைப் பார்த்துத்தான் 1987-இல் 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக்கு மாறினார்.

நம் கரையில் தொல்லை வேறு. இடுக்கியில் பிடித்து அளக்கப் பயன்படும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளான பாலிஸ்டைரின் மணிகளைக் கடல்நீரில் நேரடியாகப் போட்டால் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும், கண்ணாடியிலும் ஒட்டும். மணிகளின் மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்குவதை உப்பு மறைத்துவிடுவதே காரணம். ஆல்புமின் என்ற புரதம் பூசிய மணிகள் ஓரளவு தாங்கும். கடல்நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்தே எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் களிமண் தூசும் வந்து லேசர் பிடியில் சிக்கும். வாலிநோக்கத்துத் தண்ணீரானாலும் பாம்பன் தண்ணீரானாலும் இதே கதைதான்.

பிடிபட்ட மணியைச் சுற்றி நீரை ஓடவிட்டு, அதன் இழுவையைக் கொண்டு பிடியின் விசையை அளவிடுவதிலும் கவனம் தேவை. 1 மைக்ரான் விட்டமுள்ள மணியைச் சுற்றி 30 டிகிரிக் கடல்நீர் நொடிக்கு 100 மைக்ரான் ஓடினால் இழுவை சுமார் 0.8 பிக்கோநியூட்டன் (நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு பிக்கோநியூட்டன்). கடல்நீரின் பாகுநிலை நன்னீரைவிட 7, 8 சதவீதம் கூடுதல். நன்னீர்க் கணக்கை அப்படியே போட்டால் விடை அந்த அளவு குறையும். மணி கண்ணாடியை ஒட்டி நின்றால் இழுவை கூடும். கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையே எண்ணெய் விட்டுப் பயன்படுத்தும் ஆப்ஜெக்டிவில் ஆழம் போகப்போகக் குவியம் கலங்கும். ஆகவே கண்ணாடியிலிருந்து ஐந்து முதல் பத்து மைக்ரான் உயரம் தோது.

பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்ற வழக்கம் லென்ஸுக்கு எமன். குளிர்ந்த கண்ணாடியில் உப்புக்காற்றின் ஈரம் படியும், பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் கருவி இரவுபகலாக ஓடட்டும். ஆப்ஜெக்டிவில் கடல்நீர் பட்டால் காயவிடாமல் வாலைவடிநீரால் துடைத்துவிட வேண்டும்.

1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இமையும் மூடாது. அந்த அலைநீளத்துக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஆள் நிற்கக்கூடாது. நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லையைக் கழற்றி, அந்தத் துளையை மூடிவிட்டு, கேமராத் திரையில் மட்டும் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒளியியல் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
இராமநாதபுரம் மாவட்டம்