எனக்கு ஆள் இருந்தது

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இருக்கிற என் சொந்தங்களுக்கும், சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் தெருக் குழுவான அன்பியத்தாருக்கும், படகுத்துறையில் என்னோடு படகு ஏறி இறங்கிய எல்லாருக்கும் எழுதுகிறேன். போன மாதம் பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னார் பங்குச்சாமி. எழுந்து நின்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. படகுகளை ஒன்றோடு ஒன்று அணைத்துக் கட்டியிருந்தோம். ஐஸ் பெட்டியைக் கைமாற்றிவிட்டு அடுத்த படகுக்குக் கால் எடுத்து வைத்தேன். அலை ஒன்று தூக்கிவிட்டது. இரண்டு படகுக்கும் நடுவில் வலது கால் போனது. தொடை எலும்பு ஒடிந்த சத்தம் என் காதிலேயே விழுந்தது.

முதல் நன்றி எங்கள் படகு டிரைவர் மச்சானுக்கு. கத்தவில்லை, பதறவில்லை. கிடந்த பலகையை எடுத்துக் காலோடு சேர்த்து வலைக்கயிற்றால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டினார். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, "யார் கட்டினது? நல்லாக் கட்டியிருக்காங்க" என்றார். 108 வண்டியில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது வாடைக்காற்று வண்டியை ஆட்டிய ஆட்டத்துக்கு, அந்தக் கட்டு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி மூன்று மாதம் என் பங்கை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். கடலுக்குப் போகாதவனுக்கு ஏது பங்கு? பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். சரி, அவருக்குப் போடாத பெயரை வேறு யாருக்கும் போடவில்லை. யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

கடலில் காத்திருக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலையை இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் இழுப்போம். கடலுக்குப் போக அனுமதி டோக்கனுக்குக் காத்திருப்போம், காற்று அடங்கக் காத்திருப்போம். ஆனால் கட்டிலில் ஒரு வாரம் கிடக்க முடியவில்லை. ராடு வைத்துத் தைத்து அனுப்பிய நாளிலிருந்து ஆண்டவருக்கே தவணை போட ஆரம்பித்தேன். பொங்கலுக்குள் நடக்கணும் சாமி. பொங்கல் போயிற்று. சாம்பல் புதனுக்குள். அதுவும் போயிற்று. ஈஸ்டருக்குள் என்றேன், கொஞ்சம் மிரட்டலாகவே.

பார்க்க வந்த பலரும் "கடவுளுடைய நேரம் வரும்ப்பா" என்றார்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும், கோபப்படாதீர்கள். ஆனால் நிற்கிறவனுக்கு அது சொல்ல லேசான வார்த்தை. படுத்திருக்கிறவன் காதில் கல்லாக விழும். எங்கள் அன்பியத்துப் பெரியம்மா அதைச் சொன்னதே இல்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார். கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார். முடித்ததும் என் பிள்ளைகளின் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். ஒரு தடவை ஓரியூர் போய், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த அருளானந்தரின் கோவில் செம்மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். அவரை ஓரியூரில் வெட்டியது 1693-இல். திருச்சபை புனிதர் என்று அறிவித்தது 1947-இல். நடுவில் 254 ஆண்டு. அடுத்த செவ்வாய் பெரியம்மாவிடம் சொன்னேன். "அவரே பேசாம இருந்திருக்காரு, உனக்கு என்னடா அவசரம்?" என்றார். மாதக்கணக்கில் சிரிக்காதவன் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

2024-இல் ஈஸ்டர் முடிந்த வாரம் மதுரையில் எக்ஸ்ரே. ஐந்து மாதம் ஆகிவிட்டது, எலும்பு கூடவில்லை. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முறிந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு, வலையில் விழுந்த கிழிசல் மாதிரி. "புகை பிடிப்பீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். என் வீட்டுக்காரி டாக்டரைப் பார்க்கவில்லை, என் சட்டைப் பையைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். புகை உள்ளே போனால் ரத்தக் குழாய் சுருங்கும், எலும்புக்கு ரத்தம் போகாது, அப்புறம் எப்படிக் கூடும் என்று பொறுமையாக விளக்கினார். ஆண்டவர் தாமதிக்கிறார் என்று ஐந்து மாதம் ஏசியிருந்தேன். தாமதத்தை நானே கட்டுக் கட்டாக வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் பிள்ளையைப் பெட்டிக்கடைக்கு அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தான். கோபத்தில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நானே போனேன். கடை பாய் என்னை உட்காரவைத்தார். "உங்க வீட்டுல சொல்லிட்டாங்க. இனிமே உங்களுக்கு பீடி கிடையாது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏதோ சொல்லிவிட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நோன்பு வச்சிருக்கேன். விடியக்காலையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. நீங்க ஒரு பீடி குடிக்காம இருக்க மாட்டீங்களா?" நாற்பது நாள் தவக்காலத்தையும் பீடியோடு கழித்தவன் என்ன பதில் சொல்வேன்? மற்ற கடைக்காரர்களிடமும் சொல்லிவைத்தது நீங்கள்தான் பாய், பிறகு தெரிந்தது. கொடுத்ததற்கு எல்லாரும் நன்றி சொல்வார்கள். கொடுக்காததற்கு உங்களுக்கு நன்றி.

சின்னப்பாலம் ஊரில் கடல்பாசி எடுக்கிற அக்காமார்களுக்கு என்ன சொல்வது? என் வீட்டுக்காரி கடலில் இறங்கிப் பழகாதவள். விரலில் துணியைச் சுற்றக் கற்றுக்கொடுத்து, கண்ணாடி மாட்டிவிட்டு, தீவுக்குக் கூட்டிப் போனீர்கள். பாறையில் கீறி ரத்தம் வந்தால் உங்கள் சேலை ஓரத்தைக் கிழித்துக் கட்டினீர்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டே நாள்தான் போவீர்கள். தினமும் போனால் காசு கூட வருமே என்று ஒருநாள் கேட்டேன். "பாசி வளர வேண்டாமா தம்பி? வேரோட புடுங்கிட்டா அடுத்த மாசம் எதை எடுக்கறது?" என்று ஒரு அக்கா கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இனி பங்குச்சாமி. முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுவருவார். அவரோடு நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை. நண்பன் லாசர் சாகக் கிடக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கினாரே, அது ஏன்? "எனக்கும் தெரியாதுப்பா" என்றார். சாமி, அந்தப் பதிலுக்கு நன்றி. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூன் மாதம் வந்தபோது பெத்சதா குளத்தங்கரையில் 38 ஆண்டு நோயாளியாகக் கிடந்தவனைப் பற்றி வாசித்தார். "குணமாக விரும்புறியான்னு இயேசு கேட்டாரு. அவன் ஆமான்னு சொன்னானா பாரு" என்றார். இல்லை. குளத்தில் என்னை இறக்கிவிட ஆளில்லை என்றுதான் சொன்னான். அவ்வளவையும் வாசித்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி விரல் விட்டு எண்ணினேன். மச்சான், சம்மாட்டி, பெரியம்மா, பாய், பாசி அக்காமார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுத் தம்பி. இரண்டு கை விரலும் தீர்ந்துபோயின. எனக்கு எலும்பு கூடவில்லை, ஆனால் ஆள் இருந்தது. காத்திருந்தது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே காத்திருந்திருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு அவசரம் விட்டுப்போனது என்று சொன்னால் பொய். கத்துவது மட்டும் குறைந்தது. ஜூலை 25 வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவில் ஊன்றுகோலோடு ஓரமாக நின்றேன். இயேசுவின் சீடரான அவரும் வலை இழுத்தவர்தானே என்று உரிமையாக நாலு வார்த்தை பேசினேன். ஆகஸ்டில் இரண்டாம் ஆபரேஷன், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து முறிவில் வைத்தார்கள். ரத்தம் கொடுத்த மண்டபம் ஊர்த் தம்பிகளுக்கும், காப்பீட்டுக் காகிதத்துக்காக மூன்று தடவை அலைந்த தங்கச்சிக்கும் நன்றி. 2025 ஜனவரி எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்புக் கோட்டைச் சுற்றி வெள்ளையாக, பனிமூட்டம் மாதிரி ஏதோ தெரிந்தது. "புது எலும்பு" என்றார் டாக்டர்.

கடலுக்குப் போகலாம் என்று அவர் சொன்னது ஏப்ரலில், பாம்பன் புதுப் பாலம் திறந்த மறுவாரம். 2022 டிசம்பரில் நின்ற ரயில் அப்போதுதான் தீவுக்குள் திரும்ப வந்திருந்தது. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். 15-ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், 61 நாள்! வீடே சிரித்தது. ஆண்டவருக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு போல.

இப்போது கரையேற்றிய படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். வலது கால் அரை இஞ்ச் குட்டை. தரையில்தான் தெரிகிறது, ஆடுகிற படகில் தெரியாது என்கிறார் மச்சான். ஜூன் 14 ராத்திரியோடு தடை முடிகிறது. முதல் தடவை போய் வந்ததும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. பெரியம்மா, அன்றைக்கு நீங்கள் பாத்திரம் கழுவக் கூடாது. பாய், கோழியை மட்டும் நீங்களே அறுத்துக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
தங்கச்சிமடம்