மெகாவாட் கணக்கு போதாது, யூனிட் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசுகள் போதிய வேகத்தில் இயங்குகின்றனவா என்று கேட்ட தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு சாராததாகிவிட்டது என்றும், 2030-க்கு வைத்த அந்த இலக்கை 2025 நடுவிலேயே எட்டிவிட்டோம் என்றும் பாராட்டியிருந்தீர்கள். தகவல் சரிதான். ஆனால் அது நட்டு நிறுத்திய இயந்திரங்களின் கணக்கு. உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு இன்னும் 70 சதவீதம் அளவில் இருக்கிறது. இரவில் வெயில் இல்லை, ஆண்டு முழுவதும் காற்று இல்லை என்பதால் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. மீதி, அரசுகள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் வந்தது. அந்த மீதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் நெருக்கப்பட்டு, முப்பந்தல், பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வேகமெடுத்துப் பாய்கிறது. மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். ஆண்டு உற்பத்தியில் பெரும்பங்கு இந்த ஐந்து மாதங்களில் வந்துவிடும். 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கிய காற்றாலை, இன்று மாநிலம் முழுவதும் 11,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடம். 2023-இல் குஜராத் முந்திக்கொண்டது. தமிழ்நாட்டில் காற்று குறைந்துவிடவில்லை. காற்று மிகுந்த நிலமெல்லாம் 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களின் வசம் இருக்கிறது.

அந்த இயந்திரங்களின் கோபுரம் 30 முதல் 50 மீட்டர். இன்று நடப்படுபவை 120 மீட்டருக்கு மேல். திறந்த வெளியில் 30 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 6 மீட்டர் காற்று இருந்தால், 120 மீட்டரில் ஏறத்தாழ 7.3 மீட்டர் இருக்கும். காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், இந்தச் சிறு வித்தியாசமே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 80 சதவீதம் கூடுதல் ஆற்றலைத் தருகிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நடுவது ஒன்றே வழி. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் 'மெகாவாட் மூன்று மடங்காகும், நான்கு மடங்காகும்' என்று மேடையில் சொல்வது இடைவெளியைக் கணக்கில் எடுக்காத பேச்சு.

ஒரு காற்றாலைக்குப் பின்னால் எழும் காற்றுச் சுழல் அடங்கும் தூரத்துக்குள் அடுத்ததை நட்டால் இரண்டுமே கெடும். அதனால் இறகுச் சுழல்வட்ட விட்டத்தைப் போல் பக்கவாட்டில் 5 மடங்கு, காற்றின் திசையில் 7 மடங்கு இடம் விடுவது பழைய விதி. 30 மீட்டர் விட்டமுள்ள பழைய இயந்திரத்துக்கு இது சுமார் 3 ஹெக்டேர். 140 மீட்டர் விட்டமுள்ள 3 மெகாவாட் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 69 ஹெக்டேர். அதாவது ஒரு புதியதற்கு இடம் கொடுக்க 22 பழையவை போக வேண்டும். அந்த 22-இன் நிறுவுதிறன் 5.5 மெகாவாட், வருவதோ 3 மெகாவாட். பழையவை ஆண்டு சராசரியாகத் தம் திறனில் 15 சதவீதமும் புதியது 35 சதவீதமும் தருவதாக வைத்துக்கொண்டால், 72 லட்சம் யூனிட் கிடைத்த இடத்தில் 92 லட்சம் யூனிட் கிடைக்கும். மின்சாரம் கூடுகிறது, மெகாவாட் குறைகிறது! கணவாய்ப் பகுதியில் காற்று பெரும்பாலும் ஒரே திசையில் வருவதால் பக்கவாட்டு இடைவெளியை நெருக்கலாம், அப்போது கணக்கு இன்னும் மேம்படும். இருந்தாலும், நிறுவுதிறனை வைத்து மட்டுமே மதிப்பெண் போடும் ஓர் அரசுக்கு இந்த வேலையில் ஆர்வம் வராததில் வியப்பில்லை.

ஆர்வம் வராதது ஆண்டுகளில் தெரிகிறது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான மத்திய அரசின் முதல் கொள்கை 2016-இல் வந்தது. அது பலிக்காமல் 2023 டிசம்பரில் திருத்தினார்கள். தமிழ்நாடு தன் கொள்கையை வெளியிட்டது 2024 ஆகஸ்டில். கொள்கை எழுதவே எட்டு ஆண்டுகள் போயின.

உரிமையாளர்கள் ஏன் முன்வரவில்லை? மேலே சொன்ன 22 இயந்திரங்கள் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. ஒன்று திருப்பூர் பனியன் கம்பெனியுடையது, இன்னொன்று கோவை நூற்பாலையுடையது, மற்றொன்று வரிச்சலுகைக்காக வாங்கிப் போட்ட தனிமனிதருடையது. ஒவ்வொருவர் நிலமும் ஓரிரு ஏக்கர். 22 பேரும் ஒரே கையெழுத்தில் சம்மதித்தால்தான் ஒரு கோபுரம் எழும். அதைவிடப் பெரிய தடை பேங்கிங். பழைய காற்றாலைக்காரர் ஜூலையில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியத்தில் வரவு வைத்துவிட்டு, காற்றில்லாத ஜனவரியிலும் தம் ஆலைக்கு எடுத்துக்கொள்ளலாம். புதிய இயந்திரங்களுக்கு அந்த அளவு வசதி இல்லை. மத்திய அரசின் 2022 பசுமை மின் விதிகள் மாதக் கணக்கையே அடிப்படையாக வைக்கின்றன. சீசன் மின்சாரத்தில் ஆண்டு முழுவதும் ஆலை ஓட்டுபவர், ஓடுகிற பழைய இயந்திரத்தை இறக்கிவிட்டு அந்த உரிமையை எப்படி இழப்பார்? ஆண்டு முழுவதற்குமான பேங்கிங் வாரியத்துக்குச் சுமை என்பதும் உண்மைதான். சீசனில் மின்சாரம் மலிவாக இருக்கும்போது பெற்றதை, விலை ஏறிய மாதத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நடுவழி உண்டு: கடந்த மூன்று ஆண்டுகளில் அவர் உற்பத்தி செய்த சராசரி யூனிட் அளவுக்கு மட்டும் பழைய பேங்கிங் தொடரட்டும், கூடுதலாக வருவது புதிய விதியில் போகட்டும். அதே மூன்றாண்டு சராசரியை வைத்து 22 பேருக்கும் புதிய இயந்திரத்தில் பங்கு பிரிக்கலாம். துணை மின் நிலையம் ஒவ்வொன்றையும் ஓர் அலகாக எடுத்து, இந்தப் பேச்சுவார்த்தையை அரசு முன்னின்று நடத்த வேண்டும். தனியாரிடையே விட்டால் நடக்காது.

புதுப்பிப்பதில் இன்னொரு லாபம் வெளியே பேசப்படுவதில்லை. பழையவற்றில் பெரும்பாலானவை சாதாரண இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள். காந்தப்புலத்துக்கான மின்னோட்டத்தை மின்தொடரிலிருந்தே (கிரிட்) இழுக்கும். அதை ஈடுகட்டும் கெப்பாசிட்டர்கள் வெயிலில் உப்பிப் பழுதாகும், அவற்றை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். மாற்றாமல் விட்டால், துணை மின் நிலையத்தோடு காற்றாலைகளை இணைக்கும் ஃபீடரின் கடைக்கோடியில் மின்னழுத்தம் விழும். விழுந்தால் இயந்திரங்கள் வரிசையாக விலகும். புதியவை மின்னழுத்தம் சற்று நேரம் தாழ்ந்தாலும் இணைப்பிலேயே நின்று தாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. (இறக்கப்படும் கண்ணாடியிழை இறகுகளை உருக்க முடியாது. சிமென்ட் சூளையில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் சேர்க்கலாம். அந்த ஏற்பாட்டையும் முன்கூட்டியே செய்யாவிட்டால் அவை குளத்தங்கரையில் குவியும்.)

அடுத்தது மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பி. ஒரு சூரிய மின் பூங்காவை ஒன்றரை ஆண்டுக்குள் முடித்துவிடலாம். 400 கிலோவோல்ட் தடம் அமைக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே தடம் முதலில் தொடங்க வேண்டும். நடப்பது தலைகீழ். உற்பத்தியாளர் வந்து நின்ற பிறகு தடத்துக்கு டெண்டர். 400 கிலோவோல்ட் தடத்துக்கு 46 மீட்டர் அகலத்தில் வழி வேண்டும். விவசாயி எதிர்ப்பதில் நியாயம் இருந்தது. 2015 வழிகாட்டுதல்படி கோபுர அடிநிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதமும் கம்பி செல்லும் நிலத்துக்கு 15 சதவீதமும்தான் இழப்பீடு. நிலத்தின் முழு விலைகூட இல்லை! 2024 ஜூனில்தான் இது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. ஒன்பது ஆண்டுகள் வழக்கும் மறியலுமாகப் போன பின் வந்த உயர்வு இது.

புதுத் தடம் வரும்வரை, இருக்கும் 110 கிலோவோல்ட் கோபுரங்களிலேயே கம்பியை மட்டும் மாற்றலாம். உயர் வெப்பத்திலும் தொய்யாத கம்பிகள் ஏறத்தாழ இரட்டை மின்னோட்டத்தைத் தாங்கும். புது நிலம் வேண்டாம், வழக்கு வராது. ஆனால் தடத்தை அணைத்து லைன் கிளியர் கொடுத்தால்தான் வேலை நடக்கும். சீசனில் அதைக் கொடுக்க முடியாது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. மிஞ்சுவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. டெண்டர் பிப்ரவரியில் முடிந்தால் அந்த ஆண்டு போயிற்று, அடுத்த சீசனின் காற்றும் போயிற்று. காற்றாலை மாவட்டங்களின் டெண்டர்களை ஆகஸ்டிலேயே முடிக்க வேண்டும் என்று ஓர் ஆணை போட பணம் தேவையில்லை.

கம்பி நிரம்பும்போது என்ன நடக்கிறது? மின் உற்பத்தியையும் தேவையையும் சமன்செய்யும் மாநில மின்சுமை மையத்திலிருந்து உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி அறிவுறுத்தல் வரும். காற்று, சூரிய மின்சாரத்தை விலை காரணமாக நிறுத்தக் கூடாது, மின்தொடரின் தொழில்நுட்பத் தடங்கலுக்காகவோ பாதுகாப்புக்காகவோ மட்டுமே நிறுத்தலாம் என்று 2021 மத்திய விதி சொல்கிறது. அதே ஆண்டு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும், தமிழ்நாட்டுச் சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடர்ந்த வழக்கில் தவறான நிறுத்தத்துக்கு ஈடு தரச் சொன்னது. ஆனாலும் எந்த நிறுத்தம் எந்தக் காரணத்தால் என்பதை வெளியிலிருந்து அறிவது கடினம். ஜூலை நண்பகலில் காற்றும் வெயிலும் சேர்ந்து வரும்போது அனல்மின் நிலையங்கள் இறங்கிக் கொடுக்க வேண்டும். அவை 55 சதவீதச் சுமைக்குக் கீழே இறங்காமல் நிற்கின்றன. முழுதாக அணைத்தால் மாலைத் தேவைக்குள் மீண்டும் ஏற்ற முடியாது. 40 சதவீதம் வரை இறங்கப் பழக வேண்டும் என்று 2023-இல் மத்திய மின்சார ஆணையம் விதித்திருக்கிறது. அதற்கான பர்னர், கட்டுப்பாட்டுக் கருவி மாற்றங்களுக்கு யார் செலவு செய்வது என்பதில்தான் வேலை தேங்குகிறது.

மிகுந்ததைச் சேமிக்கவும் வழியிருந்தது. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் (4×100 மெகாவாட்) 1980-களின் இறுதியில் வந்தது. மிகுதி மின்சாரத்தில் கீழ் அணை நீரை மேலேற்றி, தேவையான நேரத்தில் இறக்கி உற்பத்தி செய்வது. ஏற்றச் செலவிடும் மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கும். அடுத்ததாக நீலகிரியில் குந்தாவில் (4×125) கட்டுமானம் தொடங்கவே முப்பது ஆண்டுகள் ஆயின. கடலிலும் இதே தாமதம்தான்: கடல் காற்றாலைக்கு 2015-இல் கொள்கை வந்தது. இன்றுவரை இந்தியக் கடலில் மின் உற்பத்திக்கென ஒரு கோபுரம்கூட எழவில்லை.

ஆகவே தங்கள் இதழ் வழியாக மாநில அரசிடம் ஒன்றைக் கேட்கிறேன். ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு காற்றாலைத் துணை மின் நிலையத்துக்கும், எத்தனை யூனிட் நிறுத்தப்பட்டது, எந்தத் தேதி, எந்த 15 நிமிடக் கட்டத்தில், காரணம் கம்பியா, டிரான்ஸ்ஃபார்மரா, தேவைக் குறைவா, அந்நேரம் ஒவ்வொரு அனல்மின் அலகும் எத்தனை சதவீதத்தில் ஓடியது என்பதை மின்சுமை மையம் தமிழில் வெளியிடட்டும். 15 நிமிடத்துக்கொரு முறை பதிவாகும் விவரங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. வரும் மே மாதம் சீசன் தொடங்கும்போதே முதல் அறிக்கை வந்தால், எந்தத் தடத்தில் முதலில் கம்பி மாற்றுவது என்பதை அடுத்த ஆகஸ்டு டெண்டருக்குள் முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
காற்றாலைப் பராமரிப்புத் துறை சார்ந்த வாசகர்,
வள்ளியூர்.