நீலக் கண்ணும் கறுப்பு வெல்வெட்டும்

ஆசிரியருக்கு,

பழைய ஹாலிவுட் பற்றிய கட்டுரைகளில் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வோங் ஹோவின் பெயரைப் பார்ப்பதே அரிதாக இருக்கிறது. 1899இல் சீனாவில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போனவர். மௌனப் படக் கால ஃபிலிமில் நீல நிறம் வெளுத்துவிடும். நடிகை மேரி மைல்ஸ் மின்டரின் நீலக் கண்களை எடுக்க, கறுப்பு வெல்வெட் துணியை எதிரே வைத்து, அதன் பிரதிபலிப்பு கண்ணில் விழும்படி செய்தார். கண்கள் கருமையாகப் பதிவாயின. அப்புறம் 1947இல் குத்துச்சண்டைக் காட்சிக்காக ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு, கையில் கேமராவோடு மேடையிலேயே சுழன்றார். ‘தி ரோஸ் டாட்டூ’, ‘ஹட்’ இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கினார். இப்பேர்ப்பட்ட கலைஞருக்கு, சீனர் என்ற ஒரே காரணத்தால், 1943 வரை அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டமே இடம் தரவில்லை. உங்கள் சினிமா பக்கத்தில் இவரைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

– வாசகர், மதுரை