கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வழியைத் திறந்துவிடக் கோரி மனு

அனுப்புநர்:
ஊராட்சி ஒன்றியக் கண்மாய்ப் பாசன விவசாயிகள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

நாள்: செப்டம்பர் 2025

பொருள்: கிராம சாலைக்கு அடியில் வரத்துக்காலை (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயை) அடைத்து நிற்கும் குழாயை மழைக்கு முன் மாற்றித் தரவும், ஊரக வளர்ச்சித் திட்டங்களில் கண்மாய்க்கு எடுக்கும் வேலைகளை வயலுக்குத் தண்ணீர் சேரும் வரிசையில் எடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், நாற்பது ஹெக்டேருக்கும் குறைவு. அதனால் அது நீர்வளத் துறையிடம் இல்லாமல் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. எங்களிடம் ஆற்றுப் பாசனம் கிடையாது, நிலத்தடி நீரும் பல இடங்களில் உப்பு. ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பாக நெல்லைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் வந்துவிடும். மார்கழியில் கதிர் பால் பிடிக்கும்போதுதான் சிக்கல். அப்போது மழை நின்றிருக்கும். கண்மாயில் ஒரு தண்ணீர், முடிந்தால் இரண்டு தண்ணீர் பாய்ச்ச இருந்தால் நெல் வீடு வந்து சேரும். இல்லாவிட்டால் கதிர் நிமிர்ந்தே நிற்கும், உள்ளே மணி இருக்காது, சாவியாகிவிடும். உழவு, விதை, உரம், களையெடுப்பு என்று அத்தனை செலவும் செய்து முடித்த பிறகு அந்தக் கடைசித் தண்ணீருக்காகப் பயிரைப் பறிகொடுப்பது எங்கள் பக்கத்தில் பழகிப்போன கதை.

அரசு எங்கள் ஊருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல இந்த மனு எழுதவில்லை. கிராம சாலை வந்திருக்கிறது. முன்பு அறுவடைக்கு மெஷின் ஊருக்குள் வர வேண்டுமென்றால் தரை காய வேண்டும். இப்போது களத்து மேட்டுக்கே லாரி வருகிறது, மிளகாய் மூட்டை நேரத்துக்குச் சந்தைக்குப் போகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கண்மாயிலும் ஊருணியிலும் வேலை நடக்கிறது. 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுத்ததில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் நம் இராமநாதபுரமும் இருந்தன. அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டில் விவசாயத்துக்கும் நீர்வளத்துக்கும் சேர்த்து 20 சதவீதம் கொடுத்திருக்கிறார்கள். ஆக, பணமும் வருகிறது, எண்ணமும் இருக்கிறது. அப்படியும் எங்கள் கண்மாயில் மார்கழியில் தண்ணீர் இல்லை. ஏன் இல்லை என்பதை நேரில் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். அதை இங்கே எழுத்தில் வைக்கிறோம்.

முதலில் சாலை. எங்களுக்கு மேலே உள்ள பெரிய கண்மாய் நிறைந்து கலுங்கு (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்) பாய்ந்தால், அந்த மறுகால் தண்ணீர் வரத்துக்கால் வழியாக எங்களுக்கு வரும். எங்களுக்குக் கீழே இன்னொரு கண்மாய். இந்த மாவட்டத்தின் கண்மாய்கள் பெரும்பாலும் இப்படி ஒன்றுக்கொன்று கோத்துவைத்தவைதான். அந்த வரத்துக்காலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாலை போகிறது. பத்தடி அகலத்துக்கு வரும் கால், சாலைக்கு அடியில் ஒன்றரை அடி சிமென்ட் குழாய்க்குள் நுழைய வேண்டும். குழாயின் வாய் கால்வாய்த் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் வேறு இருக்கிறது. முதல் மழைத் தண்ணீர் குழாயை எட்டாமலே தேங்குகிறது. அடுத்த மழையில் கருவேல முள்ளும் பாலித்தீன் பையும் வந்து வாயை அடைத்துக்கொள்கின்றன. பெருமழை பெய்தால் சாலைக்கு மேல்புறம் உள்ள வயல்கள் முழுகிவிடும். இளம்பயிர் அழுகுவதைப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருப்பார்கள்? அந்த வயல்காரர்கள் இரவோடு இரவாகக் கால்வாய்க் கரையை வெட்டி ஓடைப் பக்கம் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார்கள். ஓடை நேராகக் கடலுக்குப் போகிறது. அவர்கள் பயிர் பிழைக்கிறது, எங்கள் கண்மாய் காய்கிறது. இரண்டு ஊருக்கும் இதனால் வாய்ச்சண்டை வந்து, திருவிழாப் பேச்சுவரை போய்விட்டது. அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. குழாய் பெரிதாக இருந்தால் அவர்களும் மண்வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

இதை எங்கே சொல்வது என்பதே எங்களுக்குப் பெரிய குழப்பமாக இருக்கிறது. மேல் கண்மாய் ஒரு துறை, கால்வாய் ஓடும் புறம்போக்கு வருவாய்த் துறை, சாலையும் எங்கள் கண்மாயும் ஊரக வளர்ச்சி. ஒவ்வோர் அலுவலகத்திலும் மரியாதையாகவே கேட்டுக்கொள்கிறார்கள், அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். சாலைக்கு மதிப்பீடு போடும் நாளில் கால்வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்திருக்காது. மழைக்காலத்தில் எவ்வளவு வரும் என்று ஊரில் நீர் பாய்ச்சும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அடுத்தது நூறு நாள் வேலை. இந்த வேலையால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று புலம்பும் மனு இது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் பலருடைய வீட்டிலிருந்து பெண்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். 2025-26 ஆண்டுக்கு நிர்ணயித்த 336 ரூபாய் தினக்கூலி எங்கள் வீடுகளில் அடுப்பெரிக்கும் பணம். வேலை வேண்டும். அந்த வேலை எந்த இடத்தில், எந்த மாதத்தில் நடக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

கண்மாயில் மண் வெட்டும் வேலை பெரும்பாலும் கரையை ஒட்டியே கொடுக்கப்படுகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து குழி எடுத்து, மண்ணைக் கரைமேல் கொட்டுகிறார்கள். அளவுக்கு அது வசதி. தண்ணீருக்கு வசதி இல்லை. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை ஆடு மாடு குடிக்கலாம், வெயில் குடிக்கலாம், வயலுக்கு ஏறாது. கரையின் அடியிலேயே பள்ளம் எடுத்தால் கரையின் பலமும் போகும். மேலே கொட்டிய மண் கெட்டிக்கப்படாததால் முதல் மழையில் கரைந்து அதே பள்ளத்துக்குத் திரும்புகிறது. அடுத்த ஆண்டு அதே மண்ணை அதே பெண்கள் மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். வெயிலில் அவர்கள் சிந்தும் வியர்வைக்கு ஒரு பலன் இருக்க வேண்டாமா?

கண்மாயின் உட்பரப்பான உள்வாயில், தண்ணீர் வந்து நுழையும் பக்கம் வண்டல் மேடு தட்டி, சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. கண்மாயின் கொள்ளளவை விழுங்கியிருப்பது அந்த மேடுதான். அங்கே வேலை எடுப்பது குறைவு. வரத்துக்காலில் அதைவிடக் குறைவு.

மடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய கல் மடையை எடுத்துவிட்டு இரும்புப் பலகை வைத்தார்கள். அது துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறது, மேலேயும் வராது, கீழேயும் இறங்காது. கார்த்திகையில் வயலில் மழைத்தண்ணீர் நிற்கும்போது கண்மாய்த் தண்ணீரும் அந்த இடுக்கு வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. சாக்கில் மண்ணைக் கட்டி, வைக்கோலைத் திணித்து அடைக்கிறோம். தாழ்ந்த வயல்காரர் வந்து சாக்கை இறுக்கச் சொல்வார், மேட்டு வயல்காரர் தளர்த்தச் சொல்வார். மார்கழி பிறக்கும்போது கண்மாயில் கணுக்கால் தண்ணீர். ஒரு மடைப் பலகையும் கொஞ்சம் சிமென்ட் பூச்சும் செய்யாததற்கு நாங்கள் கொடுக்கும் விலை இது.

மடைக்குப் பொருள் செலவு ஆகும், நூறு நாள் திட்டத்தில் கூலிக்குத்தான் பணம் என்று ஒரு பதில் வருகிறது. அந்தத் திட்டத்துக்கான சட்டத்தின்படி செலவில் 40 சதவீதம் வரை பொருள்களுக்கு ஒதுக்கலாம் என்று அறிகிறோம். மாவட்டத்தில் எடுக்கும் வேலைகளின் மொத்தச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நிலம், நீர், மரம் வழியாக விவசாயத்தோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் நேரடியாகச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. கண்மாயில் எடுத்த குழி எல்லாமே அந்தக் கணக்கில் விவசாய வேலையாகத்தான் ஏறும். தண்ணீர் வயலில் ஏறியதா என்று பார்க்கும் கட்டம் நாங்கள் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை. ஆட்கள் வேலைக்கு வந்தார்களா என்று கைபேசிச் செயலியில் காலையிலும் பிற்பகலிலும் படம் எடுக்கிறார்கள். மார்கழியில் மடையடியில் ஒரு படம் எடுத்தால் திட்டம் பலித்ததா இல்லையா என்று அந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

இதில் அரசுக்கும் நட்டம் இருக்கிறது. 2016 முதல் நடக்கும் பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு நாங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், பிரீமியத்தின் மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. வறட்சி என்று பதிவாகும் சில ஆண்டுகளில் மழை நன்றாகவே பெய்திருக்கும், தண்ணீர்தான் கண்மாய்க்கு வராமல் ஓடைக்குப் போயிருக்கும். அந்த நட்டத்தைக் காப்பீட்டில் ஈடுகட்டுவதைவிடக் குழாயை மாற்றுவது மலிவு. தண்ணீர் நின்றால் நெல்லோடு முடிவதும் இல்லை. தையில் அறுத்த பிறகு ஈரம் இருந்தால் பருத்தி போடலாம். இந்த மண்ணின் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோருக்கும் பெருமைதான். செடிக்கு உயிர்த்தண்ணீர் விடக் கண்மாயில் ஏதாவது இருந்தால்தானே குறியீட்டுக்கு விலை கிடைக்கும்.

எனவே தங்களிடம் நாங்கள் பணிவோடு கேட்பது:

சாலைக்கு அடியில் உள்ள குழாயை எடுத்துவிட்டு, வரத்துக்காலின் முழு அகலத்துக்கும் அதன் தரைமட்டத்திலேயே பெட்டிப் பாலம் கட்டித் தர வேண்டும். இந்த மழைக்குள் பாலம் முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அதுவரை, ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு பெரிய குழாய்களையாவது தாழ்த்திப் பதித்துக் கொடுத்தால் இந்தப் போகம் தப்பும். இதற்கு நாள் தள்ள இடமில்லை. இனி எந்தக் கிராம சாலைக்கும் மதிப்பீடு போடுமுன், அது கடக்கும் கால்வாய்களைப் பாசன விவசாயிகளோடு சேர்ந்து பார்த்துக் கையெழுத்து வாங்கும் நடைமுறையையும் தாங்கள் கொண்டுவர வேண்டும்.

நீர்வளத் துறை, வருவாய்த் துறை, ஊரக வளர்ச்சித் துறை மூன்றும் ஒரே நாளில் வந்து மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து எங்கள் மடை வரை நடந்து பார்க்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். தனித்தனியாக வந்தால் பழைய கதைதான். கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் வைத்துக் கால்வாயின் அகலத்தை அளந்து கல் ஊன்றினால், ஆக்கிரமிப்பு எங்கே என்பதும் தெரிந்துவிடும். அதில் எங்கள் ஆட்களின் வரப்பு உள்ளே வந்திருந்தாலும் எடுத்துக்கொள்ள நாங்கள் சம்மதம்.

அடுத்து வரும் கிராம சபையில் அடுத்த ஆண்டுக்கான வேலைப் பட்டியல் வைக்கப்படும். அதில் முதலில் வரத்துக்கால், பிறகு மடையும் கலுங்கும், அதன் பிறகு உள்வாய் வண்டல் மேடு, கடைசியாகக் கரை என்ற வரிசையில் வேலைகளைச் சேர்க்க அலுவலர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். கண்மாய் வேலை சித்திரை முதல் ஆடி வரை, அதாவது கண்மாய் காய்ந்து கிடக்கும் மாதங்களில் நடக்கட்டும். வயலில் களையெடுப்பு நடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் கண்மாயில் குழி எடுப்பதால் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் இதைக் காரணமாக வைத்து ஒருவருக்கும் ஒரு நாள் வேலைகூடக் குறையக் கூடாது. அதையும் சேர்த்தே கேட்கிறோம்.

அப்புறம் வண்டல். 2024 முதல் வட்டாட்சியர் அனுமதியிலேயே வண்டல் எடுக்கலாம் என்று அரசு எளிதாக்கியது நல்ல காரியம். ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை இலவசம். ஆனால் டிராக்டர் வாடகை கொடுக்க முடிந்தவர்தான் எடுக்கிறார். சிறு, குறு விவசாயிகளின் நிலத்தில் வண்டலைப் பரப்பிச் சமப்படுத்தும் வேலையை நூறு நாள் திட்டத்தின் நில மேம்பாட்டுப் பணியில் சேர்க்க முடியுமா என்று பார்க்கக் கோருகிறோம். கண்மாயும் ஆழமாகும், மிளகாய்க் கொல்லைக்கும் உரமாகும்.

மடைப் பலகையைப் பழுது பார்ப்பதற்கு எந்தத் திட்டத்தின் பணம் என்று தேட வேண்டியிருந்தால், அந்த வேலைக்கு ஆள் உழைப்பை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். இரும்பும் சிமென்ட்டும் வாங்கிக் கொடுத்து, ஒரு பொறியாளரை மட்டம் பார்க்க அனுப்பினால் போதும்.

இவற்றின் மேல் எடுக்கும் நடவடிக்கையை அடுத்து வரும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கண்மாய்ப் பாசன விவசாயிகள்
(கையெழுத்துகளும் கைரேகைகளும் தனித்தாளில்)

இணைப்பு: சாலைக்கு அடியில் உள்ள குழாயின் படங்கள் (கோடையிலும் மழையிலும்), மடையின் படம், வரத்துக்கால் செல்லும் புலப்படத்தின் நகல்.