உடற்குழி படிப்பிக்கப் போகும் மகளுக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றுக் கதைத்தபோது, திங்கட்கிழமை உயர்தர வகுப்பில் முளையப் படைகளும் (கருவின் ஆரம்ப அடுக்குகள்) உடற்குழியும் (உடற்சுவருக்கும் குடலுக்கும் இடையிலுள்ள வெளி) தொடங்கப் போவதாகச் சொன்னாய். "நீங்கள் எப்படித் தொடங்கினீங்கள் அப்பா?" என்று கேட்டாய். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. நித்திரை வரவில்லை, விடிய எழும்பி எழுதுகிறேன்.

நான் கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டம் கீறித்தான் தொடங்கினேன். நீ அப்படிச் செய்யாதே. ஒரு மீனை வாங்கிக்கொண்டு போ. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்ததும் உட்சுவரில் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். சில மீன்களில் அது கறுப்பு. அம்மா விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாவே, அதுதான். அதே சவ்வு மடிந்துபோய்க் குடலையும் சுற்றி, அதைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கிறது. அது முளையத்தின் மூன்று படைகளில் நடுவில் உள்ள இடைப்படையிலிருந்து வந்தது. சுவர்ப் பக்கமும் குடல் பக்கமும் இடைப்படை போர்த்தியிருக்கும் குழிதான் உண்மையான உடற்குழி. இது விளங்கினால் பாதிப் பாடம் முடிந்தது.

அப்புறம் ஒரு இறாலை உரித்துக் காட்டு. அதற்குள்ளும் இடம் இருக்கிறது, ஆனால் அது குருதிக்குழி. உறுப்புகள் நேரே குருதியில் நனைந்து கிடக்கும். அதன் உண்மையான உடற்குழியோ இனப்பெருக்க உறுப்பையும் கழிவகற்றும் உறுப்பையும் ஒட்டிச் சிறிதாக ஒடுங்கிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகளும் பிழைவிடுகிற இடம் இது.

படைகளின் கதையையும் சொல்லு. 1817இல் கிறிஸ்டியன் பாண்டர் என்ற ஆய்வாளர் அடைவைத்த கோழி முட்டைகளைத் திறந்து பார்த்து, முளையம் மூன்று படையாக இருப்பதைக் கண்டார். மேல்தோலும் நரம்பும் புறப்படை. தசை, எலும்பு, குருதி எல்லாம் இடைப்படை. குடலின் உட்பூச்சும் ஈரலும் அகப்படை. 1849இல் தோமஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய உயிரியலாளர், வளர்ந்த ஜெல்லிமீனின் இரண்டு படைகள் முளையத்தின் படைகளை ஒத்திருப்பதாக எழுதினார். கோழிக்குஞ்சு முட்டைக்குள் ஆரம்பத்திலேயே கடந்துபோகிற ஒரு நிலையை ஒத்த அமைப்போடு ஒரு பிராணி ஆயுள் முழுக்கக் கடலில் வாழ்கிறது! முதன்முதல் இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கனநேரம் சும்மா இருந்தேன். உன் பிள்ளைகளில் ஒருவருக்காவது அந்த நிமிடம் கிடைக்க வேணும்.

"ஏன் சேர் குழி வேணும்?" என்று என்னை வருடாவருடம் கேட்டார்கள், உன்னையும் கேட்பார்கள். சோறு சாப்பிட்டுவிட்டு நீ பஸ்ஸுக்கு ஓடினாலும் குடல் தன் பாட்டில் அசைகிறது. உடற்சுவரோடு ஒட்டியிருந்தால் முடியுமா? மண்புழுவுக்கு எலும்பு இல்லை. குழிக்குள் இருக்கும் திரவத்தைத் தசை அமுக்குவதால்தான் அது மண்ணைத் துளைத்துப் போகிறது.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம். தட்டைப்புழுவைக் கீழ்ப்படியிலும், வட்டப்புழுவை நடுவிலும், மண்புழுவை மேலேயும் வைத்து ஏணி ஒன்று கீறிப் படிப்பிப்பேன். குழி இல்லாதது, போலிக் குழி உள்ளது, உண்மையான குழி உள்ளது, அதுவே பரிணாம வழி என்பேன். உனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தேன். அது பிழை, பிள்ளை. 1997இல் ரைபோசோம் (கலத்தில் புரதம் செய்கிற அமைப்பு) மரபணுக்களை ஒப்பிட்டபோது, தோல் கழற்றுகிற பூச்சி, நண்டு, இறாலின் கூட்டத்தில் வட்டப்புழு போய் நின்றது. தட்டைப்புழுவோ மண்புழுவும் நத்தையும் இருக்கிற பக்கம். குழியை வைத்து உறவு சொல்ல முடியாது. கேள்வித்தாளில் அந்த மூன்று பிரிவும் வரும், அதனால் உடலமைப்பின் பெயராக வடிவாகப் படிப்பி. வம்சவழி என்று மட்டும் சொல்லிவிடாதே. "போலி" என்ற சொல்லையும் விளக்கு. வட்டப்புழுவின் குழியில் சுவர்ப் பக்கம் இடைப்படை இருக்கிறது, குடல் பக்கம் இல்லை, அவ்வளவுதான். மற்றப்படி அதற்குள் இருக்கிற திரவ அழுத்தம்தான் புழுவை விறைப்பாக வைத்திருக்கிறது.

நான் படிப்பித்த எல்லாரையும் தேடிப் பிடித்துத் திருத்த என்னால் ஏலாது. உன்னிடமாவது சொல்ல வேண்டும் என்று கனகாலம் இருந்தேன்.

கடலட்டையை மறந்துவிடாதே. இங்கே கரையோரமெல்லாம் பண்ணை போட்டிருக்கிறார்கள், உன் பிள்ளைகளும் கண்டிருப்பார்கள். பெயரில் அட்டை என்றாலும் குளத்து அட்டைக்கு அது கிட்டிய உறவே இல்லை. கடலட்டையின் முளையத்தில் முதலில் திறக்கிற துளை குதமாகிறது, வாய் பிறகுதான் வேறிடத்தில் திறக்கிறது. நாங்களும் அந்தப் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். உறவுமுறையிலும் அது அட்டையைவிட எங்களுக்குத்தான் கிட்ட.

தட்டைப்புழுவுக்கு மாதிரி கேட்டாயே. அவித்த பனங்கிழங்கு போதும். நடுவில் பீலி, சுற்றிவரச் சதை, இடையில் வெற்றிடமே இல்லை. பீலியைக் குடல் என்று நினைக்கச் சொல்லு. அம்மா இருபது கிழங்கு அவித்து வைத்திருக்கிறா, நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். பாடம் முடியுமட்டும் பிள்ளைகளைச் சாப்பிட விடாதே.

அன்புடன்,
அப்பா